பருப்பு வேகும் தண்ணீர்

கல்யாணமாகி வந்த மறுநாள் என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புதுப் பெண்டாட்டியிடம் என்னவோ சொல்லப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டே பின்னால் போனேன். கொல்லைப்பக்கம் கூட்டிப் போய்க் கிணற்றைக் காட்டினார். "இந்தத் தண்ணியில பருப்பு எப்படி வேகும் தெரியுமா? பஞ்சு மாதிரி வேகும்" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

சிரித்தேனே தவிர, அந்தப் பேச்சின் அருமை எனக்குத் தெரியும். நான் பிறந்தது டி. கல்லுப்பட்டிப் பக்கம், வானம் பார்த்த கருங்காடு. எங்கள் ஊர்த் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். அதில் பருப்பு வேகாது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டுத்தான் வேகவைக்க வேண்டும். வெந்த பருப்பில் சோடா வாடை அடிக்கும். குழம்பு என்றாலே அந்த வாடைதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான். திருநகரை ஒட்டிய இந்தத் தெருவில் முதன்முதலாக அடுப்பில் உலை வைத்த அன்று, பருப்பு தானாகவே மலர்ந்து கரைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கரண்டியைக்கூட உள்ளே விடவில்லை.

தெருவில் அப்போது வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தது. எல்லாவற்றுக்கும் ஊற்று, தெருவுக்குப் பின்னால் கிடந்த கண்மாய்தான். வைகையிலிருந்து பிரிந்து வரும் கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்தால், அடுத்த வாரமே எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறும். கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போகிற வருடங்களில் கயிறே வேண்டாம், குனிந்து வாளியால் மொண்டுகொள்ளலாம். கோடையில் சாயங்காலமானால் கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். கொஞ்சம் பாசி வாசனை, கொஞ்சம் மீன் வாசனை. துவைத்த துணியெல்லாம் அந்த வாசனையோடுதான் காயும். அதைப் பெரிதாக யாரும் மெச்சியதில்லை. இருக்கிறவரை எதை மெச்சியிருக்கிறோம்!

மதுரை ஊருக்குள் இருந்த நாத்தனார்கள் வந்தால், திரும்பும்போது எண்ணெய் கேனைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். பஸ் கண்டக்டர் முறைப்பார். அழகர்கோவில் மலையிலிருந்து தீர்த்தம் கொண்டு போகிறவர்களைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சீர் கொடுத்தோமா, சேலை கொடுத்தோமா என்ற பேச்செல்லாம் அந்தக் கேனோடு அடங்கிவிடும். எனக்கு அதில் பெரிய நிம்மதி.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டினார்கள். குப்பை மேடான இடத்தில் கடை வந்தது, கடைக்குப் பின்னால் வீடு வந்தது. கண்மாய்க்குள் கருவேல முள் காடாக வளர்ந்தது. எல்லோரும் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். எதிர்வீட்டு அரிசிக்கடைக்காரர் ஆழமாகப் போட்டால், அடுத்த வீட்டுக்காரர் அதைவிட ஆழமாகப் போட்டார். மேலே இருந்த தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாக, மோட்டாரை நம்பி ஒவ்வொரு வீடாகக் கிணற்றை மூடினார்கள். இடிந்த சுவர், உடைந்த டைல்ஸ், பழைய கக்கூஸ் பீங்கான், எல்லாவற்றையும் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் போட்டுக் காரை நிறுத்தினார்கள். கடைசியில் தெருவில் மூடாமல் இருந்தது எங்கள் கிணறு மட்டும்தான். அதிலும் வாளியை விட்டால் அடியில் சேறுதான் தட்டும்.

சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம். மோட்டார் தண்ணீரில் பருப்பு வேகாது. பழையபடி என் சமையலில் சோடா வாடை வந்துவிடக் கூடாது என்று, பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீரைக் கஞ்சத்தனமாக ஊற்றுவேன்.

கிணற்றை மூட வேண்டும் என்று வீட்டுக்காரர் பேச்செடுத்தது அப்போதுதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த மகள் லீவுக்கு வந்தால், பேத்தி நேராகக் கிணற்றடிக்குத்தான் ஓடுவாள். நானும் பதறிப் பின்னாலேயே ஓடுவேன். மருமகன் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ராத்திரியெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பார்.

"தண்ணியில்லாத கெணத்த வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? ஒரு லோடு மண்ணு அடிச்சா வேலை முடிஞ்சது."

"மூடுறது ஒரு நாள் வேலைதாங்க. வேணும்னு நெனச்சா திரும்பத் தோண்ட முடியுமா? கொட்டுன கக்கூஸ் பீங்கான நீங்களா இறங்கி எடுப்பீங்க?"

"வேணும்னு எதுக்கு நெனைக்கப் போறோம்? இனிமே கண்மாய் எங்க நெறையப் போகுது?"

"நெறையாதுன்னு உங்ககிட்ட யாரும் எழுதிக் குடுத்தாங்களா?"

"நெறையும்னு உன்கிட்ட எழுதிக் குடுத்தாங்களா?"

பதில் இல்லாவிட்டால் நான் பாத்திரத்தை உருட்டுவேன். அன்றைக்கு உருட்டிய உருட்டில் மனுசன் இறங்கி வந்தார். "சரி, தை பொறக்கிற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பருப்பு வேகுற தண்ணி வந்துருச்சுன்னா கெணறு இருக்கட்டும். இல்லைன்னா மூடிரணும். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது." நானும் சரி என்றேன். மறுநாளே அவர் லாரிக்காரரிடம் தை முதல் வாரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை!

அந்த ஆடியில்தான் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் வீடு வீடாக வந்தாள். வெயிலில் முகம் வாடிப் போயிருந்தது. மோர் கொடுத்து உட்கார வைத்தேன். கேள்வியை அவரிடம்தான் முதலில் கேட்டாள்.

"சார், வரத்துக் கால்வாயச் சரி பண்ணுனா கண்மாய் கட்டாயம் நிறைஞ்சிரும்னு வச்சுக்கங்க. அதுக்கு நீங்க எவ்வளவு குடுப்பீங்க?"

"கட்டாயம் நெறையும்னா நான் எதுக்கும்மா குடுக்கணும்? அதான் நெறையப் போகுதுல்ல."

"சரி சார். நிறையலாம், நிறையாமலும் போகலாம், பாதிக்குப் பாதிதான் நிச்சயம்னா?"

"நெறையுமான்னே தெரியாததுக்கு எவன் குடுப்பான்?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் யோசித்தேன். என்ன தொகையைச் சொல்வது? கேன் தண்ணீர் விலையைக் கணக்குப் போடுவதா? சாயங்காலக் காற்றுக்கு என்ன விலை? நாத்தனார்கள் மடியில் வைத்துக்கொண்டு போனார்களே, அதை எதில் சேர்ப்பது? அதுவும் வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்கு? "தெரியலம்மா" என்றேன். "தெரியலன்னு சொல்லவும் இந்தப் பாரத்துல ஒரு கட்டம் இருக்கும்மா" என்று அதில் டிக் அடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு எனக்கு என்மீதே கோபம் வந்தது. தெரியாமல் இல்லை. சொல்லத் தெரியவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

ஆவணியில் கண்மாய்க்கரையில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேலத்தெருப் பழைய குடும்பத்துக்காரர்களும் எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து, மடையோரம் இருக்கும் கருப்பசாமி முன்னால் கூடினோம். கால்வாயை மிஷின் வைத்துத் தோண்டினால் இந்த மழைக்கே தண்ணீர் வரலாம். வராமலும் போகலாம், மேலே எத்தனை இடத்தில் அடைப்போ. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். விஷயத்தைச் சொல்லி, யார் யார் என்ன தருகிறீர்கள் என்று அரிசிக்கடைக்காரர் கேட்டார். எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள்.

கடைசியில் அரிசிக்கடைக்காரரே கருப்பசாமியைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார். "கருப்பா, இந்த வருசம் மட்டும் கண்மாய் நெறஞ்சிருச்சுன்னா உனக்குக் கிடா வெட்டுறேன்."

அதுதான் தாமதம். கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. நிறைந்தால் நான் அன்னதானம் போடுகிறேன் என்றார் ஒருவர். நிறைந்தால் நான் அரிவாள் செய்து வைக்கிறேன் என்றார் இன்னொருவர். நிறைந்தால் சர்க்கரைப் பொங்கல், நிறைந்தால் பந்தல், நிறைந்தால் மேளம். என் வீட்டுக்காரரும் எழுந்து, நிறைந்தால் வெண்கல மணி கட்டுகிறேன் என்றார். தையில் மண் அடிக்க லாரிக்குச் சொல்லி வைத்திருக்கிற மனுசன்! நேர்ந்துகொண்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கால்வாயை வைகை வரைக்கும் தோண்டலாம். ஆனால் எல்லாமே நிறைந்த பிறகு. தோண்ட வேண்டியதோ நிறைவதற்கு முன்னால். இந்தச் சின்ன விஷயம் அத்தனை பெரிய மனிதர்களுக்கும் உறைக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. கேட்டது கிடைத்தால் வீட்டை விற்றாவது நேர்த்திக்கடனைத் தீர்ப்போம். கிடைப்பதற்கு முன்னால் கையை நீட்ட வராது.

"அண்ணே, அந்த மணிக் காச இப்பவே குடுத்தா மிஷினுக்கு ஆகுமே" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பூசாரி ஒரே போடாகப் போட்டார். "கேட்டது கெடைக்கு முன்னாடியே கடனத் தீத்தா, அது நேர்த்தி இல்ல. சாமிக்கு லஞ்சம்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

"ஏண்ணே, புரட்டாசிப் பொங்கலுக்கு முளைப்பாரி போடுறோமே, மழை பெஞ்ச பெறகா போடுறோம்? முளைக்குமா முளைக்காதான்னு சாமி வந்து சொன்ன பெறகா வெதைய ஊண்டுறோம்? எங்கப்பா கருங்காட்டுல புழுதியில வெதச்சுப்போட்டுத்தான் மானத்தப் பாப்பாரு. அதுவும் லஞ்சமா?"

பூசாரி தாடியைச் சொறிந்தார். "முளைப்பாரி பொம்பளைங்க சமாச்சாரம்" என்றார்.

"அப்பச் சரி, பொம்பளைங்களே பாத்துக்கிறோம். இந்த வருசம் முளைப்பாரிச் சட்டிக்கு மண்ணு வரத்துக் கால்வாய்லதான் எடுக்கணும். சட்டிக்கு ஒரு பிடி எடுத்தாப் பத்தாது. ஆளுக்கு ஒரு நாள் முச்சூடும் எடுக்கணும்."

கோபத்தில் சொல்லிவிட்டேனே தவிர, யார் வருவார்கள் என்று வீட்டுக்கு வந்து பயந்துகொண்டுதான் இருந்தேன். மறுநாள் காலையில் கால்வாய்க்குப் போனால், மேலத்தெருப் பெண்கள் எனக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், ஊருக்குள் ஜவுளிக்கடைத் தெருவில் பிறந்து வளர்ந்த அக்கா, புர்காவை இடுப்பில் செருகிக்கொண்டு சாந்துச் சட்டியோடு வந்துவிட்டார். "முளைப்பாரி எங்களுக்கு இல்ல. மண்ணு எல்லாத்துக்கும் உண்டுல்ல? நானும் மனசுல வேண்டி நிய்யத்து வச்சுத்தான் வந்திருக்கேன்" என்றார். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "அந்தப் பக்கம் முள்ளு இருக்கு, பாத்து நில்லுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கால்வாயில் மண்ணைவிட மற்றதுதான் அதிகம் கிடைத்தது. மெத்தை, டயர், கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் டம்ளர்கள், யார் வீட்டிலோ கழித்துப் போட்ட சாமி படங்கள். எங்கள் தெருக் குப்பையை எங்களுக்கே அடையாளம் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அள்ளினோம். சில நாள் போனது. பெண்டாட்டிகள் கால்வாயில் நின்றதால் வீட்டில் காப்பித் தண்ணிக்கு வழியில்லாமல் போனதாலோ, வெட்கத்தாலோ, ஆண்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். அரிசிக்கடைக்காரர் மிஷினே கொண்டு வந்துவிட்டார். "இது கிடா கணக்குல சேராதுத்தா. கிடா தனி" என்று என்னிடம் மறக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மேற்பார்வையாம்.

முளைப்பாரி நன்றாகத்தான் வளர்ந்தது. கண்மாயில் தண்ணீர் இல்லாததால், குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, அதில் கரைத்தோம். குலவை போடும்போது என் குரல் உடைந்துவிட்டது. பிறந்த ஊரில் சின்னப் பெண்ணாகக் கும்மியடித்தபோதும் கண்மாய் இப்படி வறண்டு கிடந்த வருடங்கள் உண்டு. அப்போதெல்லாம் அடுத்த வருடம் என்று ஒன்று நிச்சயமாக இருந்தது. இப்போது அதுதான் சந்தேகமாக இருந்தது.

ஐப்பசியில் தினமும் மேகம் கூடும், கலையும். திருமங்கலம் பக்கம் பெய்கிறது என்பார்கள். இங்கே மண்வாசனையோடு சரி. கார்த்திகையில் ஒரு நாள், "கால்வாய்ல தண்ணி வருது" என்று சத்தம் கேட்டு அடுப்பை அணைக்காமல் ஓடினேன். கலங்கலாக, நுரையும் சருகுமாக, தயங்கித் தயங்கி வந்தது. நாங்கள் தோண்டிய பள்ளத்தில் தேங்கி, நிரம்பி, கண்மாய்க்குள் இறங்கியது. பாய் வீட்டு அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் கண்மாய் நிறையவில்லை. நடுவில் நின்றால் முழங்கால் நனையும், அவ்வளவுதான். மழை நின்றுவிட்டது. கருப்பசாமி முன்னால் மறுபடியும் கூட்டம். நிறைந்தால் என்றுதானே நேர்ந்தோம், இது நிறைந்ததில் சேருமா சேராதா? பாதி நிறைந்ததற்குப் பாதிக் கிடா வெட்ட முடியுமா? ஒரு சாயங்காலம் முழுக்க இதைப் பேசினார்கள். கடைசியில் பூசாரி தீர்ப்புச் சொன்னார். கிடாவும் மணியும் அடுத்த வருடத்துக்கு நிற்கட்டும். பொங்கல் மட்டும் வைக்கலாம், அதுவும் சர்க்கரை போடாமல். அப்படியே வெறும் வெண்பொங்கல் வைத்தோம். கருப்பசாமி எங்கள் ஊர்க்காரர்தானே, புரிந்துகொண்டிருப்பார்.

எனக்கு வேறு கவலை. கிணற்றில் வாளியை விட்டால் சேற்றுச் சத்தம் போய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மார்கழி முழுக்கத் தினமும் இறைத்து இறைத்துக் கலங்கலைக் கொட்டினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் வந்திருக்கு" என்பார். தண்ணீர் என்று சொல்ல வாய் வராது. லாரிக்காரர் போன் செய்து, பொங்கல் முடிந்ததும் வரட்டுமா என்று கேட்டார். வா என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது.

போகிக்கு முந்தின நாள், ஒரு குடம் இறைத்துத் தெளியவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். குக்கரில் வைத்தால் கல்லும் வெந்துவிடும். அது ஏமாற்று வேலை. மண்சட்டியில் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொதித்தது. நுரைத்தது. பக்கத்திலேயே நின்றேன். கல்யாணமான புதிதில் நின்றதைப் போலவே, கரண்டி போடாமல் நின்றேன். பருப்பு மலரவில்லை. மேலாக மட்டும் கொஞ்சம் குழைந்தது. உள்ளே விரைப்பாகவே இருந்தது. சோடா டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு சிட்டிகை போட்டால் யாருக்குத் தெரியும்? எடுக்க மனம் வரவில்லை. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்கக் கூடாது என்பார்கள். பழிக்கவில்லை, அழுதேன்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் பருப்பை ஊற்றினேன். ஊற்றியது தட்டில் தனித்தனியாக உருண்டது. "கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிசைந்து வாயில் போட்டார். அவர் மெல்லுகிற சத்தம், நின்ற இடத்திலிருந்தே எனக்கு நறுக்கு நறுக்கென்று கேட்டது.

"வெந்துருச்சு" என்றார்.

"வேகலைங்க."

"உனக்கு என்ன தெரியும்? பஞ்சு மாதிரி வெந்திருக்கு." தலையைத் தூக்காமலே, "லாரிக்காரன வர வேணாம்னு சொல்லிப்புடுறேன். பேத்திய நெனச்சுப் பயமா இருந்தா மேல கம்பி வலை போட்டுக்கிருவோம். மணி வேற வாங்கணும், அடுத்த வருசம்" என்றார்.

தட்டை முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அதையும் மென்று முடித்தார்.